விதைநெற் சாக்கின் சூடு

இலங்கையின் திருகோணமலை மாவட்டத்திலுள்ள தம்பலகாமத்தில் பெரும்போக விதைப்புத் தொடங்குமுன் விதைநெல்லை ஒரு நாள் முழுவதும் நீரில் ஊறவைத்து, பிறகு நீரை வடித்துச் சாக்கில் கட்டி, மேலே ஈரச் சாக்கையோ வைக்கோலையோ போட்டு மூடி வைப்பார்கள். மறுநாள் அந்தச் சாக்கின் வாயை அவிழ்த்து நெல்லின் நடுவே கையை விட்டுப் பார்த்தவருக்கு அந்தச் சூடு மறக்காது. நிழலில், திண்ணையின் ஒரு மூலையில், வெயில் படாமல் வைக்கப்பட்ட நெல் அது. அருகில் அடுப்பும் இல்லை. ஆனாலும் உள்ளே கைபொறுக்கும் அளவுக்கு மேலேயே சில வேளை சூடு ஏறியிருக்கும். பழக்கமுள்ள கமக்காரர்கள் இடையிடையே சாக்கை அவிழ்த்து, நெல்லைப் புரட்டி, கொஞ்சம் நீர் தெளித்து மீண்டும் கட்டுவார்கள். அப்படிச் செய்யாமல் இறுக்கிக் கட்டி விட்டுவிட்டால் நடுவிலுள்ள நெல் அவிந்துபோகும். புளித்த வாடை வரும், முளைப்பும் கெடும்.

இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்பதும், புரட்டாத சாக்கில் புளித்த வாடை ஏன் வருகிறது என்பதும் ஒரே செயலின் இரு பக்கங்கள். அந்தச் செயலைத்தான் உயிரியலில் கலச்சுவாசம் என்கிறோம். சுவாசம் என்ற சொல்லைக் கேட்டதும் மூக்கும் நுரையீரலும் நினைவுக்கு வருவது இயல்பு. பல ஆண்டுகள் மாணவர்களுக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்தவன் என்ற வகையில், இந்த ஒரு சொல் எத்தனை பேரை வழிதவறச் செய்திருக்கிறது என்பதை நான் அறிவேன். மூச்சை உள்ளிழுத்து வெளிவிடுவது காற்றைக் கொண்டுவந்து கொண்டுபோகும் வேலை மட்டுமே. நெல்மணிக்கு மூக்குமில்லை, நுரையீரலுமில்லை. ஆயினும் அதன் ஒவ்வொரு கலமும் சுவாசிக்கிறது. தமிழகத்து நூல்களில் செல், மைட்டோகாண்ட்ரியா, ஆக்சிஜன் என்று வருவனவற்றை எங்கள் பாடநூல்கள் கலம், இழைமணி, ஒட்சிசன் என்கின்றன. இக்கட்டுரையில் எங்கள் வழக்கையே பின்பற்றுகிறேன்.

ஒட்சிசனோடு நடக்கும் சுவாசமாகிய காற்றிற் சுவாசத்தைப் பாடநூல் ஒரே வரியில் எழுதிவிடுகிறது: ஒரு குளுக்கோசு மூலக்கூறும் ஆறு ஒட்சிசன் மூலக்கூறுகளும் சேர்ந்து ஆறு காபனீரொட்சைட்டும் ஆறு நீரும் உண்டாகின்றன, சக்தி வெளிப்படுகிறது. கணக்கு என்ற அளவில் இதில் பிழையில்லை. ஒரு மூல் குளுக்கோசு, அதாவது 180 கிராம், முழுமையாக ஒட்சியேற்றப்படும்போது ஏறத்தாழ 2870 கிலோயூல் சக்தி வேலைக்குக் கிடைக்கத்தக்கதாக விடுபடுகிறது. சீனியைத் தீயில் எரித்தாலும் இதே விளைபொருள்கள்தாம் வரும். 18ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் பிரான்சில் இலவோசியேயும் இலப்பிளாசும் ஒரு கினிப்பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரத்துக்குள் வைத்து, அதன் உடல் வெப்பத்தால் எவ்வளவு பனி உருகுகிறது என்று அளந்தார்கள். அந்த வெப்பத்தை, அது வெளிவிட்ட காபனீரொட்சைட்டின் அளவோடும், அதே அளவு வாயுவைத் தரும்படி கரியை எரித்தால் வரும் வெப்பத்தோடும் ஒப்பிட்டார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று நெருங்கி வந்தன. சுவாசம் என்பது மெதுவாக நடக்கும் எரிதல் என்ற முடிவுக்கு இலவோசியே வந்தார். உயிரின் வெப்பத்தைத் தராசிலும் அளவியிலும் வைத்துப் பார்க்கலாம் என்று காட்டிய மகத்தான முடிவு அது.

ஆனால் அந்த ‘எரிதல்’ என்ற சொல்லே பிற்காலத்தில் பெரிய மயக்கத்துக்கு வித்திட்டது. குளுக்கோசை ஒட்சிசன் போய்த் தாக்கி எரிக்கிறது என்றும், உள்ளிழுத்த ஒட்சிசன் கரியோடு சேர்ந்து காபனீரொட்சைட்டாக வெளியேறுகிறது என்றும் இன்றும் பலர் நம்புகிறார்கள். கலத்துக்குள் இவை இரண்டும் நடப்பதில்லை. நாம் உள்ளிழுத்துக் கலச்சுவாசத்தில் செலவாகும் ஒட்சிசன் நீராக மாறுகிறது. நாம் வெளிவிடும் காபனீரொட்சைட்டிலுள்ள ஒட்சிசன் அணுக்களோ உணவிலிருந்தும் நீரிலிருந்தும் வந்தவை. இந்த ஒரு செய்தியை மனத்தில் நிறுத்திக்கொண்டால் மீதியெல்லாம் தானாகத் தெளியும் என்பதே என் அனுபவம்.

எரித்து வரும் வெப்பத்தைக் கலம் ஏன் நாடவில்லை என்று முதலில் பார்க்க வேண்டும். வெப்பத்தைக் கொண்டு வேலை செய்விக்க வேண்டுமென்றால் ஓரிடம் சூடாகவும் இன்னோரிடம் குளிராகவும் இருக்க வேண்டும். நீராவி எஞ்சின் அப்படித்தான் ஓடுகிறது. ஒரு கலத்துக்குள்ளோ எங்கும் ஒரே வெப்பநிலை. நுண்ணோக்கியிலன்றிக் காணமுடியாத அந்தச் சிறு பையின் ஒரு மூலையைச் சூடாக்கி மறு மூலையைக் குளிராக வைத்திருக்க இயலாது. எனவே வெப்பமாக வந்த சக்தி கலத்துக்கு உடலைச் சூடாக வைத்திருக்க உதவலாம், ஆனால் தசையைச் சுருக்கவோ புரதத்தைக் கட்டவோ உதவாது. சக்தியை வெப்பமாகும் முன்னரே, வேறொரு வடிவில், சிறிது சிறிதாகப் பிடித்தாக வேண்டும். சுவாசத்தின் நீண்ட படிமுறை முழுவதும் இந்த ஒரு தேவைக்காகவே அமைந்தது.

அந்தப் பிடியில் அகப்படுவது இலத்திரன். ஒட்சியேற்றம் என்பது அடிப்படையில் இலத்திரனை இழப்பதுதான். குளுக்கோசிலுள்ள இலத்திரன்கள் உயரத்தில் இருப்பவை என்றும், ஒட்சிசனிடம் போய்ச் சேர்ந்த இலத்திரன்கள் பள்ளத்தில் இருப்பவை என்றும் கொள்ளலாம். உயரத்திலிருந்து பள்ளத்துக்கு இறங்கும் எதுவும் சக்தியை விடுவிக்கும். தீயில் அந்த இறக்கம் ஒரே பாய்ச்சலாக நிகழ்கிறது. கலத்தில் அது படிப்படியாக நிகழ்கிறது, ஒவ்வொரு படியிலும் ஒரு நொதியம் நின்று அடுத்த படிக்கு வழிவிடுகிறது.

முதற் பகுதி கலத்தை நிரப்பியிருக்கும் குழியவுருவில் நடக்கிறது. நெல்மணியில் முதலில் மாப்பொருள் குளுக்கோசாக உடைகிறது. ஆறு காபன் கொண்ட அந்தக் குளுக்கோசு பத்துப் படிகளில் மூன்று காபன் கொண்ட இரண்டு பைருவேற்றுகளாகப் பிரிகிறது. இதைக் கிளைக்கோப்பகுப்பு என்பர். ஒட்சிசன் இதற்குத் தேவையில்லை. தேறிய வருமானம் இரண்டே ஏ.ரி.பி. மூலக்கூறுகள். அடினோசின் மூபொசுபேற்று என்ற முழுப்பெயர் கொண்ட இந்த ஏ.ரி.பி. 1929இல் கண்டுபிடிக்கப்பட்டது. கலத்தின் எந்த வேலைக்கும் உடனே செலவிடக்கூடிய கைக்காசு இதுவே. வளர்ந்த ஒரு மனிதர் ஒரு நாளில் உண்டாக்கிச் செலவழிக்கும் ஏ.ரி.பி.யின் மொத்தம் அவருடைய உடல் எடைக்கு ஒப்பானது. ஆயினும் எந்த ஒரு கணத்திலும் உடலிலுள்ள இருப்பு ஏறத்தாழ நூறு கிராம் அளவில்தான். ஒவ்வொரு மூலக்கூறும் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான தடவை உடைந்து, மீண்டும் கட்டப்பட்டாக வேண்டும். அந்தக் கட்டுமானம் சில நிமிடங்கள் நின்றாலே மூளைக் கலங்கள் ஏன் சாகத் தொடங்குகின்றன என்பது இதிலிருந்து விளங்கும்.

பைருவேற்று, கலத்துக்குள் இருக்கும் சிறு உறுப்பான இழைமணிக்குள் நுழையும்போது ஒரு காபனைக் காபனீரொட்சைட்டாக இழக்கிறது. எஞ்சிய இரண்டு காபன்களும் ஒரு வட்டத்துக்குள் செலுத்தப்படுகின்றன. இங்கிலாந்தின் செபீல்டு பல்கலைக்கழகத்தில் ஆன்சு கிரெப்சு 1937இல் இந்த வட்டத்தை வெளிப்படுத்தினார். நாசி ஆட்சியால் ஜேர்மனியில் வேலை இழந்து இங்கிலாந்துக்கு வந்தவர் அவர். தம் கட்டுரையை ‘நேச்சர்’ இதழுக்கு அனுப்பியபோது அவர்கள் அதை ஏற்கவில்லை, வேறோர் இதழில்தான் அது வெளிவந்தது. 1953இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பொருள் புறாவின் நெஞ்சுத்தசையை அரைத்த கூழ். இறக்கையடித்துப் பறக்கும் அத்தசை மிக வேகமாகச் சுவாசிப்பதால் மாற்றங்களை அளப்பது எளிதாயிற்று. நிலாவெளிக்கு அப்பால் புறாத்தீவின் பாறைகளில் தங்கும் மாடப்புறாக்களும் வீட்டுப் புறாக்களும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. அப்பாறையிலிருந்து ஒரு புறா எழுந்து பறக்கும்போதெல்லாம் இந்த வட்டம் அதன் நெஞ்சுத்தசையில் சுழல்வதை எண்ணாமல் இருக்க என்னால் முடிவதில்லை.

கிரெப்சு வட்டம் எட்டுப் படிகள் கொண்டது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு காபன்கள் காபனீரொட்சைட்டாக வெளியேறுகின்றன. நாம் வெளிவிடும் மூச்சிலுள்ள காபனீரொட்சைட்டின் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது. வட்டத்தின் உண்மையான பயன் அந்த வாயுவில் இல்லை. காபன் சட்டகத்திலிருந்து இலத்திரன்கள் உரிக்கப்பட்டு, அவற்றைச் சுமப்பதற்கென்றே உள்ள காவி மூலக்கூறுகளிடம் ஒப்படைக்கப்படுவதுதான் பயன். கிளைக்கோப்பகுப்பு முதல் இதுவரை ஒரு குளுக்கோசுக்குப் பன்னிரண்டு காவிகள் நிரம்பிவிடுகின்றன. இந்தக் கட்டத்தில் நின்று கணக்குப் பார்த்தால் வியப்பாக இருக்கும். குளுக்கோசின் ஆறு காபன்களும் போய்விட்டன, குளுக்கோசு என்று சொல்ல ஒன்றும் மீதியில்லை. கையில் வந்ததோ நான்கு ஏ.ரி.பி. மட்டுமே. ஒட்சிசன் மூலக்கூறு ஒன்றுகூட இதுவரை எந்தப் படியிலும் நேரடியாகப் பங்குகொள்ளவில்லை. சக்தி முழுவதும் அந்தக் காவிகளின் இலத்திரன்களில் இருக்கிறது.

அடுத்தது இழைமணியின் அகமென்சவ்வில் நடப்பது. இழைமணிக்கு இரண்டு மென்சவ்வுகள் உண்டு. வெளியிலுள்ளது பெரும்பாலும் வழிவிடும் இயல்பினது. உள்ளே மடிப்பு மடிப்பாக இருப்பதோ ஐதரசன் அணுவின் கருவாகிய புரோத்தன் போன்ற சிறு துணிக்கையைக்கூட எளிதில் கசிய விடாதது. காவிகள் கொண்டுவந்த இலத்திரன்கள் இந்த அகமென்சவ்வில் பதிந்துள்ள புரதத் தொகுதிகளின் வழியே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இறங்கிச் செல்கின்றன. இதை இலத்திரன் கடத்தற் சங்கிலி என்பர். இறங்கும் ஒவ்வொரு கட்டத்திலும் விடுபடும் சக்தியைக் கொண்டு அப்புரதங்கள் உள்ளிருக்கும் புரோத்தன்களை மென்சவ்வின் மறுபுறத்துக்குத் தள்ளுகின்றன.

இதிலிருந்து ஏ.ரி.பி. எப்படி உண்டாகிறது என்ற கேள்வி நெடுங்காலம் விடையின்றிக் கிடந்தது. இலத்திரன் சங்கிலிக்கும் ஏ.ரி.பி.க்கும் இடையில் ஏதோ ஒரு சக்திமிக்க இடைமூலக்கூறு இருக்க வேண்டுமென்று உயிர்இரசாயனர்கள் பலர் ஆண்டுக்கணக்கில் தேடினார்கள். அப்படி ஒன்று அகப்படவேயில்லை. 1961இல் பீற்றர் மிச்செல் என்ற ஆங்கிலேயர், அந்த இடைமூலக்கூறு இல்லவே இல்லை, மென்சவ்வின் இரு புறத்துக்கும் இடையிலான புரோத்தன் வேறுபாடே சக்தியின் சேமிப்பு என்று எழுதினார். துறையிலுள்ளோர் பெரும்பாலும் அதை ஏற்க மறுத்தார்கள். அவரோ கோர்ண்வோல் பகுதியில் ஒரு பழைய மாளிகையைப் புதுப்பித்துச் சிறிய ஆய்வுகூடம் ஒன்றை அமைத்து, அங்கிருந்தே தம் கருத்தை நிறுவப் பாடுபட்டார். 1978இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

மிச்செலின் கருத்தை விளக்க எங்கள் மாவட்டத்தில் பிறந்தவனுக்கு வேறெங்கும் போக வேண்டியதில்லை. குளக்கோட்டன் என்ற மன்னன் கட்டியதென்று எங்கள் மரபு சொல்லும் கந்தளாய்க் குளம் இருக்கிறது. குளக்கட்டின் ஒரு புறம் நீர் உயர்ந்து நிற்கிறது, மறுபுறம் வயல்கள் தாழ்ந்து கிடக்கின்றன. துருசை, அதாவது மதகை, திறந்தால் நீர் அளவாக இறங்கி வாய்க்கால் வழியே தம்பலகாமம் வரை வந்து வயலுக்குப் பாய்கிறது. நீரின் சக்தி நீர்த்துளியில் இல்லை, இரு புறத்து மட்டங்களின் வேறுபாட்டில் இருக்கிறது. இழைமணியின் அகமென்சவ்வே அந்தக் கட்டு, புரோத்தன்களே நீர், இலத்திரன் சங்கிலியே குளத்தை நிரப்பும் மழை. துருசின் இடத்தில் இருப்பது ஏ.ரி.பி. தொகுப்பு நொதியம்.

அந்தத் துருசைப்பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் உயிரியலில் இதைவிட அழகான பொறி ஒன்றை நான் அறிந்ததில்லை. புரோத்தன்கள் அதன் வழியே உள்ளே பாயும்போது, நீர் பாய்ந்தால் சில்லுச் சுழல்வதுபோல, அந்நொதியத்தின் ஒரு பகுதி உண்மையாகவே சுழல்கிறது. நடுவிலுள்ள வளைந்த தண்டு சுழலச் சுழல, தலைப்பகுதியிலுள்ள மூன்று அறைகளையும் மாறி மாறி நெருக்கியும் தளர்த்தியும் உருமாற்றுகிறது. ஒரு நிலையில் அறை மூலப்பொருள்களை உள்ளே வாங்குகிறது, அடுத்த நிலையில் அவற்றை அழுத்தி இணைக்கிறது, மூன்றாம் நிலையில் ஆயத்தமான ஏ.ரி.பி.யை விட்டுவிடுகிறது. ஒரு முழுச் சுற்றுக்கு மூன்று ஏ.ரி.பி. நொடிக்கு நூறு சுற்றுகளைத் தாண்டவும் இதனால் முடியும். இந்தச் சுழற்சி முறையை போல் போயர் (Paul Boyer) என்பவர் முன்மொழிந்தார், யோன் வோக்கர் நொதியத்தின் அமைப்பைப் படம்பிடித்து அதை உறுதிசெய்தார். இருவருக்கும் 1997இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டில் யப்பானிய ஆய்வாளர்கள் அத்தண்டின் நுனியில் ஒளிரும் நார் ஒன்றை ஒட்டி, அது சுற்றுவதை நுண்ணோக்கியில் கண்ணாலேயே பார்த்தார்கள்.

கட்டின் வலிமையையும் எண்ணிப் பார்க்கலாம். மென்சவ்வின் இரு புறத்துக்கும் இடையிலான மின்னழுத்த வேறுபாடு ஏறத்தாழ 150 முதல் 180 மில்லிவோல்ற்று. கேட்கச் சிறிதாகத் தோன்றும். ஆனால் மென்சவ்வின் தடிப்பு ஆறு நனோமீற்றர் அளவே என்பதால், மீற்றருக்கு ஏறத்தாழ 3 கோடி வோல்ற்று என்ற செறிவு அங்கே நிலவுகிறது. உலர்ந்த காற்றில் மின்பொறி பாய்வதற்கு இதில் பத்திலொரு பங்கு போதும். நம் உடலின் ஒவ்வொரு இழைமணியும் இப்படிப்பட்ட ஒரு கட்டை நொடிதோறும் காத்து நிற்கிறது.

கட்டு உடைந்தால் என்ன ஆகும் என்பதையும் எங்கள் மாவட்டம் அறியும். 1986 ஏப்ரல் 20ஆம் நாள் விடியுமுன் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தது. உறக்கத்திலிருந்த ஊர்களின்மீது நீர் பாய்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்தத் துயரத்தை உவமைக்காக எடுப்பது எளிதன்று. எனினும் வயலை விளைவித்த நீரும் ஊரை அழித்த நீரும் ஒன்றே, துருசு வழியாக வந்ததா அன்றா என்பது மட்டுமே வேறுபாடு என்ற உண்மையை அதைவிடத் தெளிவாக எதுவும் சொல்லவில்லை. கலத்திலும் அதுவே. 1930களில் மேல்நாடுகளில் உடல் மெலிவதற்கென்று இருநைத்திரோபீனோல் என்ற பொருளை மக்கள் விழுங்கினார்கள். அது இழைமணியின் அகமென்சவ்வைப் புரோத்தன் கசியும்படி ஆக்கிவிடும். இலத்திரன்கள் வழக்கம்போல் இறங்கும், ஒட்சிசன் வழக்கத்தைவிட வேகமாகச் செலவாகும், உணவும் கரையும். ஆனால் புரோத்தன்கள் துருசை விட்டு வேறு வழியே உள்ளே பாய்வதால் ஏ.ரி.பி. பிறக்காது, சக்தி முழுவதும் வெப்பமாகும். மெலிந்தவர்கள் உண்டு. உடல் சூடு தாங்காமல் இறந்தவர்களும் உண்டு. அதன்பின் அம்மருந்து தடைசெய்யப்பட்டது.

ஒரு குளுக்கோசிலிருந்து எத்தனை ஏ.ரி.பி. என்ற கேள்விக்கு 38 என்று நாங்கள் மனனம் செய்தோம், இன்னமும் சில வினாத்தாள்கள் அதையே எதிர்பார்க்கின்றன. இன்றைய கணிப்பு 30 முதல் 32 வரை. பழைய கணக்கு இலத்திரன் காவி ஒன்றுக்கு, அதன் வகைக்கேற்ப, மூன்று அல்லது இரண்டு ஏ.ரி.பி. என்று முழு எண்ணாக எடுத்துக்கொண்டது. குளமும் துருசும் என்ற முறையில் பார்த்தால் முழு எண் வரவேண்டிய கட்டாயமே இல்லை. புரோத்தன்களில் ஒரு பகுதி மூலப்பொருள்களை உள்ளே கொண்டுவரவும் செலவாகிறது, ஒரு பகுதி கசிந்தும் போகிறது. எப்படிக் கணக்கிட்டாலும் குளுக்கோசின் சக்தியில் மூன்றிலொரு பங்குக்கும் பாதியைச் சற்றுத் தாண்டிய அளவுக்கும் இடைப்பட்ட பகுதியே ஏ.ரி.பி.யில் சேர்கிறது, மீதி வெப்பமாகிறது. மாணவர்கள் எண்ணைவிட இந்தக் காரணத்தை அறிந்திருக்க வேண்டுமென்று நான் விரும்புகிறேன்.

இனி ஒட்சிசனுக்கு வருவோம். சங்கிலியின் கடைசிப் புரதத்தொகுதியில் அது காத்திருக்கிறது. இறங்கி வந்த நான்கு இலத்திரன்களையும் நான்கு புரோத்தன்களையும் ஒரு ஒட்சிசன் மூலக்கூறு வாங்கிக்கொண்டு இரண்டு நீர் மூலக்கூறுகளாகிறது. அதன் பங்கு இவ்வளவே. அது எரிப்பதில்லை, கடைசியில் நின்று வாங்கிக்கொள்கிறது. ஆனால் வாங்குபவர் இல்லாவிட்டால் சங்கிலியில் இலத்திரன்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தேங்கும், காவிகள் தம் சுமையை இறக்க இடமின்றி நிற்கும், வெறுங்காவிகள் கிடைக்காததால் கிரெப்சு வட்டமும் நின்றுவிடும். கடைமடையில் வடிகால் அடைபட்டால் மேல்வயல் வரை நீர் ஏறி நிற்பதை இதனோடு ஒப்பிடலாம்.

இதற்கு மிகக் கடுமையான சான்று சயனைட்டு. அது அந்தக் கடைசிப் புரதத்தொகுதியில், ஒட்சிசன் வந்து அமர வேண்டிய இடத்தில் தான் அமர்ந்துகொள்கிறது. நஞ்சுண்டவரின் குருதியில் ஒட்சிசன் நிறைந்தேயிருக்கும். கலங்கள் அதை எடுக்க முடியாததால் நாளக் குருதிகூடச் செந்நிறமாகவே திரும்பும். மூச்சும் ஒட்சிசனும் இருந்தும் கலச்சுவாசம் நின்றதால் உயிர் போகிறது. எங்கள் வீடுகளில் மரவள்ளிக்கிழங்கை அவிக்கும்போது பாத்திரத்தை மூடாதே என்று பெரியவர்கள் சொல்வதன் பொருள் இங்கே இருக்கிறது. மரவள்ளியின் கலங்கள் வெட்டுப்படும்போது அதிலுள்ள ஒரு சேர்வை உடைந்து ஐதரசன் சயனைட்டு உண்டாகிறது. 26 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும் அப்பொருள், திறந்த பாத்திரத்திலிருந்து ஆவியோடு போய்விடும். துண்டுகளாக வெட்டி, ஊறவைத்து, நிறைந்த நீரில் மூடாமல் அவித்து, அந்நீரைக் கொட்டிவிடுவதே பாதுகாப்பான முறை. மரவள்ளியோடு இஞ்சியைச் சேர்க்கக்கூடாது என்பதில் காட்டும் கவனத்தை இந்த மூடியிலும் காட்ட வேண்டும். நச்சின் மூலம் கிழங்கிலேயே இருக்கிறது, கசக்கும் கிழங்கில் அது கூடுதலாக இருக்கிறது.

வாங்கிக்கொள்வதற்கு ஒட்சிசன்தான் வர வேண்டுமென்ற கட்டாயம் எல்லா உயிர்க்கும் இல்லை. தம்பலகாமக் குடாவின் கண்டல் கரையில் வற்றுநேரத்தில் நடந்தால் சேற்றிலிருந்து கூழ்முட்டை வாடை எழும். அந்தச் சேற்றில் ஒட்சிசன் கிட்டத்தட்ட இல்லை. அங்கு வாழும் பற்றீரியாக்கள் சில, கடல்நீரிலுள்ள சல்பேற்றிடம் இலத்திரன்களை ஒப்படைத்துச் சுவாசிக்கின்றன. ஒட்சிசன் வாங்கினால் நீர் பிறப்பதுபோல் சல்பேற்று வாங்கினால் ஐதரசன் சல்பைட்டு பிறக்கிறது. நம் மூக்கில் படும் வாடை அதுவே. சல்பேற்றின் பள்ளம் ஒட்சிசனின் பள்ளத்தைப்போல் ஆழமானதன்று, ஆகவே கிடைக்கும் சக்தியும் குறைவு. அதே சேற்றில் வேர்விட்ட கண்டல் மரங்களோ ஒட்சிசனை விட்டுவிட முடியாதவை. பென்சிலை நட்டு வைத்ததுபோல் சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும் மூச்சுவேர்கள் வழியாகக் காற்றைக் கீழே இறக்கி, புதைந்திருக்கும் வேரின் இழைமணிகளுக்கு ஊட்டுகின்றன.

எங்கள் தசைகளோ ஒட்சிசனோடு சங்கிலியை நடத்தவும், அது ஈடுகொடுக்காதபோது சிறிது நேரம் அதன்றியும் ஓடவும் பழகியவை. கரைவலை இழுப்பவர்களைப் பார்த்தவர்கள் அறிவார்கள்: அம்பாப் பாட்டின் தாளத்துக்குக் கயிற்றைச் சீராக இழுத்துவரும்போது நெடுநேரம் தாக்குப்பிடிப்பவர்கள், மடி கரையை நெருங்கும் கடைசிக் கட்டத்தில் முழுப் பலத்தையும் கொடுத்த சில நிமிடங்களில் மூச்சு வாங்க மணலில் அமர்ந்துவிடுவார்கள். அந்த வேகத்துக்கு ஈடாகச் சங்கிலியால் ஏ.ரி.பி.யைத் தர முடிவதில்லை. அப்போது கிளைக்கோப்பகுப்பு முந்திக்கொண்டு ஓடுகிறது. அதற்கு வேண்டிய வெறுங்காவிகளைப் பெறுவதற்காகப் பைருவேற்று தானே இலத்திரன்களை வாங்கி இலற்றிக்கமிலமாகிறது. இது கழிவு என்று நெடுங்காலம் பழிக்கப்பட்டது. உண்மையில் இதயத் தசை அதை எரிபொருளாகவே எடுத்துக்கொள்கிறது, ஈரல் அதை மீண்டும் குளுக்கோசாக்குகிறது. ஓய்வெடுத்த ஒரு மணி நேர அளவில் அதன் செறிவு குருதியில் பழைய நிலைக்கு வந்துவிடும். மறுநாள் தோள் வலிப்பது இலற்றிக்கமிலத்தால் அன்று, தசைநார்களில் ஏற்பட்ட நுண்ணிய சிதைவுகளால்.

மீன்சந்தையில் இதையே நிறமாகப் பார்க்கலாம். சூரையை வெட்டினால் சதை செங்கருமையாக இருக்கும். ஓயாமல் நீந்தும் மீன் அது, அதன் தசையில் இழைமணிகளும் ஒட்சிசனைப் பிடித்து வைக்கும் மயோகுளோபினும் நிறைந்திருக்கின்றன. பாறையிடுக்கில் பதுங்கியிருந்து ஒரே பாய்ச்சலில் இரைபிடிக்கும் கலவாயின் சதையோ வெள்ளை. அதற்குத் திடீர் வேகமே வேண்டும், நெடுநேர உழைப்பு வேண்டாம். திருகோணமலைக் கடலுக்கு வரும் ஸ்பேர்ம் திமிங்கிலம் ஒரு மணி நேரம்வரை மூச்சடக்கி ஆழத்தில் இரைதேட முடிவதும் அதன் தசையில் செறிந்துள்ள மயோகுளோபினால்தான். அணு அணுவாக அமைப்பு அறியப்பட்ட முதற் புரதம் என்ற பெருமையும் ஸ்பேர்ம் திமிங்கிலத்தின் மயோகுளோபினுக்கே உரியது. 1950களின் இறுதியில் யோன் கென்றூ அதைச் செய்து முடித்தார்.

இப்போது சாக்குக்குத் திரும்பலாம். ஊறிய நெல்மணி விழித்துக்கொண்டு, மாப்பொருளைக் குளுக்கோசாக்கி, தன் முளையைக் கட்டுவதற்காக வேகமாகச் சுவாசிக்கிறது. ஏ.ரி.பி.யில் அகப்படாத சக்தி அங்கேயே வெப்பமாகிறது. ஒரு மணியின் வெப்பம் கைக்குத் தெரியாது. இலட்சக்கணக்கான மணிகள் நெருங்கிக் கிடக்கும் சாக்கில் வெப்பம் வெளியேற வழியின்றிச் சேர்கிறது. புரட்டாத சாக்கின் நடுவிலோ ஒட்சிசன் தீர்ந்துபோகிறது. கடைசியில் நின்று வாங்குபவர் இல்லாததால் இலத்திரன்களைப் பைருவேற்றிலிருந்து வந்த பொருளே வாங்கி எதனோலாகிறது. நெல்லே நடத்தும் இந்த நொதித்தலோடு நுண்ணுயிர்கள் நடத்தும் நொதித்தலும் சேர்ந்ததுதான் அந்தப் புளித்த வாடை. குளுக்கோசு ஒன்றுக்கு இரண்டே ஏ.ரி.பி. என்ற வருமானத்தில் முளை நெடுநாள் தாங்காது.

நெல்லுக்கு ஒரு தனித்திறன் மட்டும் உண்டு. விதைத்த மறுநாள் மழை கொட்டி வயல் மூழ்கிவிட்டால், வேறு பல தானியங்களின் விதைகள் நீருக்கடியில் அழுகும்போது, நெல்மணி அந்த இரண்டு ஏ.ரி.பி.யை வைத்துக்கொண்டே முளைக்கிறது. அப்போது அது வேர் விடுவதில்லை, இலையும் விரிப்பதில்லை. குருத்தை மூடியிருக்கும் மெல்லிய உறையை மட்டும் வெண்மையான குழல்போல மேல்நோக்கி நீட்டிக்கொண்டு போகிறது. அந்த நுனி நீர்மட்டத்தைத் தாண்டிக் காற்றைத் தொட்டதும் ஒட்சிசன் அக்குழல் வழியே கீழே இறங்குகிறது. அதன்பிறகுதான் நெல் வேர் விடத் தொடங்குகிறது.